கணக்கைப் போடுவது வேறு மொழி

ஓசூரில் தயாராகும் ஒரு மின்சார ஸ்கூட்டரின் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால், சக்கரம் சுழல்வதற்குள் ஒரு சின்ன சிப்புக்குள் நிறையக் கணக்கு ஓடி முடிந்துவிடுகிறது. கைப்பிடி எவ்வளவு திரும்பியது, பேட்டரியில் சார்ஜ் எவ்வளவு மிச்சம், மோட்டார் எவ்வளவு சூடாகியிருக்கிறது, இந்த நிலையில் எத்தனை ஆம்பியர் விடலாம் என்றெல்லாம் அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிப்பில் ஓடுவது பெரும்பாலும் சி மொழியில் அமைந்த கோட். ஆனால் அதை வடிவமைத்த என்ஜினியரின் திரையில் சி மொழியைத் தேடினால் கிடைக்காது. கட்டங்களும் கோடுகளுமாக வரைந்த ஒரு கணித மாடல்தான் அங்கே இருக்கும்.

சென்னை ஐஐடியில் படித்த தருண் மேத்தாவும் ஸ்வப்னில் ஜெயினும் 2013இல் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி, 2021 முதல் ஓசூரில் தொழிற்சாலை நடத்துகிறது. தன் ஸ்கூட்டரையும் சார்ஜிங் நிலையத்தையும் இப்படி மாடல்களை வைத்து அது வடிவமைத்ததை, மேட்லாப், சிமுலிங்க் ஆகிய மென்பொருட்களை விற்கும் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர் கதைகளில் ஒன்றாக வெளியிட்டிருக்கிறது. இந்த முறையில் முதலில் மோட்டாரையும் பேட்டரியையும் சமன்பாடுகளாகக் கட்டிவிடுவார்கள். வண்டியே இல்லாமல் கணினியில் ஓட்டிப் பார்ப்பார்கள். மாடல் சரியாக நடந்துகொண்டால், அதிலிருந்து சி கோடை மென்பொருளே எழுதித் தந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாவற்றையும் கட்டம் போட்டு வரைந்துவிட முடியாது. சென்சாரிலிருந்து வரும் சிக்னலைச் சுத்தம் செய்யும் கோடைப் பல வருடங்களுக்கு முன்பே யாராவது சி மொழியில் எழுதி, சோதித்து, ஓடும் வண்டிகளில் நிரூபித்தும் இருப்பார்கள். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி வரைந்தால் வேலையும் வீண், புதுத் தவறுகளும் நுழையும். ஆகவே கணித மென்பொருள் தன் கணக்கின் நடுவே அந்த சி ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். அது தரும் விடையை வாங்கிக்கொண்டு மேலே போக வேண்டும். சிமுலிங்கில் இதற்கு ‘எஸ்-ஃபங்ஷன்’ என்றொரு வழி நெடுநாளாக இருக்கிறது. 2018இல் ‘சி காலர்’ என்று தனிக் கட்டமே வந்துவிட்டது. பழைய ஃபங்ஷன் எந்தக் கோப்பில் இருக்கிறது, அதன் பெயர் என்ன என்று சொன்னால் கட்டம் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் என்ஜினியர்களின் பொழுது கரைவது இந்த இடத்தில்தான்.

ஒரு மொழி இன்னொரு மொழியைக் கூப்பிடுவதை நிபுணர்களின் தனி வித்தையாக நினைக்க வேண்டியதில்லை. கணித மென்பொருள் பிறந்ததே அப்படித்தான். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான் 1957இல் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் உலகின் தலைசிறந்த கணிதக் கோட்கள் அந்த மொழியில் குவிந்தன. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தை மையமாக வைத்து 1970களில் உருவான ஐஸ்பேக், லின்பேக் என்ற இரண்டு தொகுப்புகள் அவற்றில் முக்கியமானவை. மேட்ரிக்ஸ் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கு அவற்றை விட நம்பகமான கோட் அப்போது கிடையாது.

அந்தத் தொகுப்புகளில் பங்காற்றிய கிளீவ் மோலர், நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதிக் கஷ்டப்படாமல் இந்தக் கோட்களைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் நினைத்தார். அதற்காக 1970களின் பிற்பகுதியில் எழுதிய எளிய மேட்ரிக்ஸ் கால்குலேட்டர்தான் மேட்லாப். மாணவர் ஒரு வரியைத் தட்டுவார். மேட்லாப் உள்ளே போய் ஃபோர்ட்ரானைக் கூப்பிடும். புதிதாக ஒரு ஃபங்ஷன் வேண்டுமென்றால் மட்டும் தலைவலி. மோலரிடம் மூலக் கோடை வாங்கி, ஃபோர்ட்ரானில் எழுதிச் சேர்த்து, மொத்தத்தையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஜேக் லிட்டிலும் ஸ்டீவ் பேங்கர்ட்டும் மேட்லாப்பை சி மொழியில் திருப்பி எழுத, மூவருமாக 1984இல் மேத்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அதன் பிறகு ‘மெக்ஸ்’ என்ற வசதி வந்தது. வெளியே சியிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதிய கோடைத் தனியாகக் கம்பைல் செய்து, மேட்லாப்பின் சொந்த ஃபங்ஷனைப் போலவே கூப்பிடலாம் என்றானது. மேட்லாப் பரவியதற்கு அதன் அழகான வரைபடங்களைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. இப்படித் திறந்துவிட்ட கதவுக்கும் அதில் சம பங்கு உண்டு.

தமிழ்நாட்டு என்ஜினியர்களில் ஒரு தலைமுறை ஃபோர்ட்ரானோடு வளர்ந்தது. சென்னை ஐஐடிக்கு 1973இல் ஐபிஎம் 370 கணினி வந்தபோது, அட்டையில் துளை போட்டு அதற்கு ஊட்டிய கணக்குகள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் இருந்தன. ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன் கான்பூர் ஐஐடியிலும் பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் பணியாற்றியவர்; அவர் எழுதிய ஃபோர்ட்ரான் பாடநூல்களை நாடு முழுக்கப் படித்தார்கள். இன்றைக்குக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளுக்கு ஃபோர்ட்ரான் என்றால் தாத்தா காலத்துச் சமாசாரம். முதல் ஆண்டில் அவர்களில் பலர் படிப்பது பைத்தான். ஆனால் பைத்தானின் நம்பை தொகுப்பிடம் ஒரு சமன்பாட்டுத் தொகுதியைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னால், அது நேராகப் போய் நிற்பது லேப்பேக்கின் வாசலில். லின்பேக், ஐஸ்பேக் இரண்டின் வாரிசாக 1992இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் தொகுப்பு அது. மேட்லாப்பும் 2000இல் அதற்கு மாறிக்கொண்டது. ஆர், ஆக்டேவ், சைலாப், ஜூலியா என்று எதைத் திறந்தாலும் அடியில் லேப்பேக் இருக்கிறது, அல்லது அதன் வழித்தோன்றல் இருக்கிறது. திரையில் தெரியும் மொழி உத்தரவு போடும் மொழி. கணக்கைப் போடுவது வேறு மொழி.

இரண்டும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது?

ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு, அதாவது 2017 ஜூலைக்கு முன்பு, ஓசூரை ஒட்டிய மாநில எல்லையில் வணிகவரிச் சோதனைச்சாவடியைக் கடந்த லாரி ஓட்டுநர்களுக்கு இது சட்டென்று புரியும். என்ன சரக்கு, எத்தனை உருப்படி, எப்படிக் கட்டியிருக்கிறது என்று காகிதம் சொல்வதும் லாரிக்குள் இருப்பதும் ஒன்றாக இருந்தால்தான் வண்டி நகரும். மொழிகளின் எல்லையிலும் இதே மாதிரிக் கேள்விகள்தான். ஒரு பெரிய வித்தியாசம்: இங்கே சரிபார்க்க யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. காகிதம் தப்பாக இருந்தாலும் வண்டி போய்விடும்.

முதல் கேள்வி, என்ன வகை எண். தசம எண்ணை 8 பைட்டில் வைக்கலாம், 4 பைட்டிலும் வைக்கலாம். அனுப்புகிறவர் எட்டு என்று நினைத்து, வாங்குகிறவர் நான்கு என்று நினைத்தால் பாதி எண்தான் படிக்கப்படும். பைத்தானில் ‘சிடைப்ஸ்’ என்றொரு கருவி 2006 முதல் கூடவே வருகிறது. அதைக் கொண்டு சி மொழியின் கணித லைப்ரரியைத் திறந்து, 2க்கு வர்க்கமூலம் கேட்டுப் பார்க்கலாம். உள்ளே போவது தசம எண் என்று சொல்லிவிட்டு, வெளியே வருவதும் தசம எண்தான் என்று சொல்ல மறந்துவிட்டால், அது முழு எண் என்று சிடைப்ஸ் தானாக எடுத்துக்கொள்ளும். கிடைப்பது 1.414 ஆக இருக்காது. எதற்கும் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு முழு எண் வந்து நிற்கும். பிழைச் செய்தி எதுவும் வராது.

எப்படிக் கட்டியிருக்கிறது என்ற கேள்வியில், அதாவது அடுக்கும் முறையில், இன்னும் நுணுக்கமான வம்பு இருக்கிறது. கணினியின் மெமரியில் மேட்ரிக்ஸ் என்று எதுவும் கிடையாது. எண்கள் ஒரே நீளக் கோடாக இருக்கும். சி மொழி ஒவ்வொரு கிடைவரிசையாக அடுக்கும். ஃபோர்ட்ரான் ஒவ்வொரு நெடுவரிசையாக அடுக்கும். முதல் கிடைவரிசையில் 1, 2, 3. இரண்டாவதில் 4, 5, 6 என்றொரு மேட்ரிக்ஸை எடுத்துக்கொள்வோம். சி அதை 1, 2, 3, 4, 5, 6 என்று வைத்து அனுப்புகிறது. ஃபோர்ட்ரான் அதே ஆறு எண்களை இரண்டிரண்டாக நெட்டுக்குத்தாக எடுக்கும். அதன் கண்ணுக்கு முதல் கிடைவரிசை 1, 3, 5. இரண்டாவது 2, 4, 6. ஒரு எண்கூடத் தொலையவில்லை, ஆனால் மேட்ரிக்ஸ் வேறு. மேட்லாப் சி மொழிக்கு மாறிய பிறகும் ஃபோர்ட்ரானின் நெடுவரிசைப் பழக்கத்தை விடவில்லை. எண்ணும்போது ஒன்றிலிருந்து தொடங்கும் பழக்கத்தையும் விடவில்லை. சியும் பைத்தானும் பூஜ்யத்திலிருந்து எண்ணுகின்றன. எல்லையைக் கடக்கும்போது ஒன்றைக் கூட்டவோ கழிக்கவோ மறந்தால், பக்கத்து வீட்டு எண்ணை எடுத்துக்கொண்டு வந்துவிடும்.

மின்சார வண்டிக்காரர்களை இந்த அடுக்குப் பிழை குறிப்பாக ஏமாற்றக்கூடியது. பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று நேரடியாக அளக்க முடியாது. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வைத்துக் கால்மன் ஃபில்டர் என்ற முறையில் ஊகிக்கும் வழக்கம் உண்டு. அந்த முறையில் ஊகத்தின் நிச்சயமின்மையைச் சுமக்கும் மேட்ரிக்ஸ் சமச்சீரானது. கிடையாகப் படித்தாலும் நெடுக்காகப் படித்தாலும் ஒன்றே. புதிதாக இணைத்த கோடைச் சோதிக்க அந்த மேட்ரிக்ஸைக் கொடுத்தால் சோதனை வெற்றி. சமச்சீரில்லாத இன்னொரு மேட்ரிக்ஸ் அதே வழியில் போகும்போதுதான் விடை கெடும். அதற்குள் இணைப்பு சரி என்று கையெழுத்தாகியிருக்கும். 1 முதல் 6 வரை போட்ட ஒரு கோணல் மேட்ரிக்ஸை முதலில் அனுப்பிப் பார்ப்பது அனுபவசாலிகளின் பழக்கம்.

பெயரில்கூட வம்பு உண்டு. ஃபோர்ட்ரான் கம்பைலர்கள் பல, ஃபங்ஷன் பெயரின் வாலில் ஓர் அடிக்கோட்டை ஒட்டிவிடும். சி பக்கத்திலிருந்து அடிக்கோடில்லாமல் கூப்பிட்டால் ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று, கோட்களை இணைக்கும் லிங்கர் கைவிரித்துவிடும். இதையெல்லாம் ஒழுங்குபடுத்த ஃபோர்ட்ரான் 2003 தரத்தில் சி மொழியோடு பேசுவதற்கென்றே விதிகள் எழுதப்பட்டன. புதுக் கோடுக்கு அவை உதவும். லேப்பேக் போன்ற பழைய மலையை யார் திருத்தி எழுதுவது?

அப்படித் திருத்தாமல் விட்டதன் விலை 2019இல் தெரிந்தது. புள்ளியியல் ஆய்வாளர்கள் உலகெங்கும் நம்பியிருக்கும் ஆர் மென்பொருள், புதிய ஜிஃபோர்ட்ரான் கம்பைலரோடு சேர்ந்தபோது சில இடங்களில் திடீரென்று விழுந்தது. ஆர் மென்பொருளின் கோடில் புதிதாக எதையும் யாரும் கெடுக்கவில்லை. லேப்பேக்கிலும் மாற்றமில்லை. பிறகு எங்கே கோளாறு?

லேப்பேக் ஃபங்ஷன்கள் பலவற்றுக்கு ஓர் எழுத்தைக் கொடுக்க வேண்டும்: மேட்ரிக்ஸின் மேல் முக்கோணத்தைப் பார் என்பதற்கு ஓர் எழுத்து, கீழ் முக்கோணத்துக்கு ஓர் எழுத்து என்று. ஃபோர்ட்ரானில் எழுத்துச் சரத்தை அனுப்பினால், அதன் நீளத்தைச் சொல்லும் ஓர் எண்ணையும் கம்பைலர் ரகசியமாகக் கடைசியில் சேர்த்து அனுப்பும். எழுதுகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. சி பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவர்கள் அந்த ரகசிய எண்ணை அனுப்பினால்தான் கணக்கு நேராகும். ஆனால் ஒற்றை எழுத்துக்கு நீளம் ஒன்றுதானே என்று பல பத்தாண்டுகளாக அதைப் பலர் அனுப்பவில்லை. ஆர் அனுப்பவில்லை, வேறு பலரும் அனுப்பவில்லை. வாங்கும் பக்கமும் அந்த எண்ணைப் பார்த்ததே இல்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை.

புதிய கம்பைலர் கொஞ்சம் சுறுசுறுப்பு. ஒரு ஃபங்ஷன் தன் கடைசி வேலையாக இன்னொன்றைக் கூப்பிடும்போது, தனக்கு வந்த சரக்கு இருந்த இடத்தையே அடுத்தவருக்கும் பயன்படுத்திக்கொண்டால் நேரம் மிச்சம் என்று அது கணக்குப் போட்டது. அந்த இடத்தில் நீளம் சொல்லும் எண்ணுக்கான இடமும் சேர்த்தி. உண்மையில் அங்கே அப்படி எண் எதுவும் வந்திருக்கவில்லை. அது கூப்பிட்டவருடைய மெமரி. அதன் மேல் எழுதியதும் ஆர் விழுந்தது. விதிப்படி பார்த்தால் கம்பைலர் மேல் தவறில்லை. ஆனாலும் உலகம் முழுக்க இருக்கும் பழைய கோடை ஒரே நாளில் மாற்ற முடியாதென்பதால், ஜிஃபோர்ட்ரானை உருவாக்கும் ஜிசிசி குழு அந்தச் சுறுசுறுப்பைத் தணிக்க ஒரு மாற்று வழியைச் சேர்த்தது. ஆர் குழு நீளத்தை முறையாக அனுப்பும்படி தன் பக்கத்தைத் திருத்தத் தொடங்கியது. நிரந்தரம் என்று நம்பியது வெறும் பழக்கமாக இருந்ததை அப்போதுதான் பலர் உணர்ந்தார்கள்.

இந்தியாவில் இப்படிப்பட்ட இணைப்பு வேலையைக் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்துகாட்டிய இடம் மும்பை ஐஐடி. வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னின்று நடத்திய ‘ஃபாஸீ’ திட்டம், கட்டற்ற மென்பொருளைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோவதற்காகவே உருவானது. மத்திய அரசு 2009இல் தொடங்கிய, கணினி வழிக் கல்விக்கான தேசிய இயக்கம் அதற்குப் பணம் தந்தது. (வேதிப்பொறியியலாளர்களுக்கு இந்த விஷயத்தில் என்னவோ ஒரு ராசி. மேட்லாப்புக்கு மாற்றாக அமெரிக்காவில் உருவான ஆக்டேவும் வேதி உலை வடிவமைப்புப் பாடத்துக்குத் துணையாகப் பிறந்ததுதான்; ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்ற வேதிப்பொறியியல் பேராசிரியரின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.) ஃபாஸீ கையில் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று, பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த சைலாப். இலவசம், மேட்லாப் தெரிந்தவர் ஒரே நாளில் பழகிவிடலாம். பாடநூல்களில் தீர்த்துக்காட்டிய கணக்குகளை மாணவர்கள் சைலாபில் எழுதித் தருவது ஃபாஸீயின் பிரபலமான திட்டம். மென்பொருள் கற்றுத்தரும் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுட்டோரியல் வீடியோக்கள் தமிழிலும் உண்டு.

சைலாபுக்கு ஒரு குறை இருந்தது. எது சிக்கனம், எது அதிக லாபம் என்று தேடிச் சொல்லும் உகப்புக் கணக்குகளில் மேட்லாப் அளவுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஃபாஸீ குழு அந்தக் கணக்குகளைப் புதிதாக எழுத உட்காரவில்லை. காயின்-ஓஆர் என்ற கட்டற்ற தொகுப்பில் உலகத்தரமான கோட்கள் ஏற்கெனவே இருந்தன. சைலாபிலிருந்து அவற்றைக் கூப்பிட ஒரு பாதை போட்டார்கள். அதற்கு ஃபாஸீ ஆப்டிமைசேஷன் டூல்பாக்ஸ் என்று பெயர்.

அதில் ஒரு கணக்கைக் கொடுத்தால் நடக்கும் பயணம் சுவையானது. வளைகோட்டுச் சமன்பாடு ஒன்றின் மிகக் குறைந்த மதிப்பைத் தேடச் சொல்லி மாணவர் சைலாபில் ஒரு வரி தட்டுகிறார். சைலாப் அதைச் சரிபார்த்து சி++ மொழியில் எழுதிய வாசலுக்கு அனுப்புகிறது. வாசல் அதை ஐபாப்ட் என்ற சி++ தொகுப்பிடம் தருகிறது. முதலில் ஃபோர்ட்ரானில் பிறந்து, 2005 வாக்கில் சி++ மொழிக்கு மாற்றி எழுதப்பட்டது அது. ஐபாப்ட் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கவும் ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டும். அதற்கு அது வழக்கமாகக் கூப்பிடுவது மம்ப்ஸ் போன்ற ஒரு தீர்வுத் தொகுப்பை; மம்ப்ஸ் இருப்பது ஃபோர்ட்ரானில். இவ்வளவும் கீழே இறங்கும் வழி. ஐபாப்டுக்கு நடுநடுவே ‘இந்த இடத்தில் சமன்பாட்டின் மதிப்பு என்ன’ என்று தெரிய வேண்டும். அந்தச் சமன்பாடு இருப்பதோ மாணவர் எழுதிய சைலாப் ஃபங்ஷனில். ஆகவே சி++ திரும்பிச் சைலாபைக் கூப்பிடும். விடையை வாங்கிக்கொண்டு மறுபடி கீழே போகும். கூப்பிட்டவரையே திருப்பிக் கூப்பிடும் இந்த ‘கால்பேக்’ சரியாக அமைந்தால்தான் மொத்தமும் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் யார் மெமரியை ஒதுக்கினார், யார் அதை விடுவிக்க வேண்டும் என்பதைத் தெளிவாக வைத்திருக்க வேண்டும். இருவரும் விடுவித்தால் மென்பொருள் விழும். ஒருவரும் விடுவிக்காவிட்டால், நாள் முழுக்க ஓடும் கணக்கில் மெமரி மெல்ல மெல்ல நிரம்பிப்போகும்.

இதனால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரப் பட்டறைக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டால், ஒரு கற்பனை ஆர்டரை வைத்துப் பார்க்கலாம். கம்பிகள் 6 மீட்டர் நீளத்தில் வருகின்றன. 1.4 மீட்டரில் 100 துண்டு வேண்டும், 1.1 மீட்டரில் 200 துண்டு வேண்டும். ரம்பம் தின்னும் மில்லிமீட்டர்களை விட்டுவிடுவோம். ஒரு கம்பியில் 1.4 மீட்டர்த் துண்டு நான்கு வெட்டலாம். 40 சென்டிமீட்டர் வீண். 1.1 மீட்டர்த் துண்டு ஐந்து வெட்டலாம். 50 சென்டிமீட்டர் வீண். இப்படித் தனித்தனியாக வெட்டினால் 25 கம்பியும் 40 கம்பியுமாக 65 ஆகும். ஒரே கம்பியில் நீளத் துண்டு ஒன்றும் குட்டைத் துண்டு நான்குமாகக் கலந்து வெட்டினால் வீணாவது 20 சென்டிமீட்டர்தான். 50 கம்பியை அப்படி வெட்டி, மிச்சமிருக்கும் 50 நீளத் துண்டுகளுக்கு 13 கம்பி போட்டால் மொத்தம் 63. இரண்டு கம்பி மிச்சம். இதற்குக் கீழே போக முடியாது.

இரண்டு நீளத்துக்கு மேஸ்திரி மனக்கணக்கிலேயே இதைப் பிடித்துவிடுவார். பன்னிரண்டு நீளம், வேறுவேறு எண்ணிக்கை என்று ஆர்டர் வந்தால் வெட்டும் விதங்கள் எக்கச்சக்கமாகப் பெருகும். அங்கேதான் முழு எண் உகப்புக் கணக்கு போடும் சிம்ஃபனி, சிபிசி போன்ற தொகுப்புகள் தேவை. சைலாபில் அந்தப் பாதை இருப்பதால், லைசென்ஸ் பணம் கட்டாமல் ஒரு சாதாரண லேப்டாப்பில் இதைச் செய்யலாம். சின்னப் பட்டறைகளுக்கு மென்பொருள் விலையை விடப் பெரிய தடை, இப்படியொரு வழி இருப்பதே தெரியாமல் இருப்பது.

பாடத்திட்டமும் இதில் உதவுவதில்லை. பைத்தான் ஒரு தாளில், சி இன்னொரு தாளில், கணிதம் மூன்றாவது தாளில். ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கூப்பிடுவது எந்தத் தாளிலும் பெரும்பாலும் வருவதில்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில்தான் பிள்ளைகள் அதைச் சந்திக்கிறார்கள்.

எல்லையை இலகுவாகக் கடக்கவும் புது வழிகள் வந்திருக்கின்றன. 2012 பிப்ரவரியில் வெளியான ஜூலியா மொழியில் சி ஃபங்ஷனைக் கூப்பிட ஒரே வரி போதும்: பெயர், வெளியே வரும் வகை, உள்ளே போகும் வகை, மதிப்பு. தனியாக வாசல் எழுத வேண்டாம். அதை உருவாக்கிய நால்வரில் ஒருவரான விரல் ஷா, ஆதார் திட்டத்தில் பணியாற்றியவர். ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் பெங்களூரில் இருந்துகொண்டு ஜூலியாவை வளர்த்தவர். எளிதாக எழுத ஒரு மொழி, வேகமாக ஓட இன்னொரு மொழி என்று விஞ்ஞானிகள் இரட்டைக் குடித்தனம் நடத்த வேண்டியதில்லை என்பதுதான் ஜூலியாக்காரர்களின் வாதம். பெருமளவுக்கு அதைச் சாதித்தும் காட்டினார்கள். ஆனாலும் மேட்ரிக்ஸைப் பெருக்கச் சொன்னால் வழக்கமாக ஜூலியாவும் ஓப்பன்பிளாஸ் என்ற வெளித் தொகுப்பைத்தான் கூப்பிடுகிறது.

கடப்பது இலவசமில்லை என்பதையும் மறக்கக் கூடாது. ஒவ்வொரு தடவை எல்லை தாண்டும்போதும் வகை பார்க்க, இடம் மாற்ற என்று கொஞ்சம் நேரம் போகும். பத்து லட்சம் எண்களை ஒவ்வொன்றாக சி மொழிக்கு அனுப்பி வாங்கினால், சி தந்த வேகம் மொத்தமும் போக்குவரத்திலேயே கரைந்துவிடும். பத்து லட்சத்தையும் ஒரே கட்டாக அனுப்பினால் நேரம் பல மடங்கு குறையும். பியாரு பீட்டர்சன் உருவாக்கிய எஃப்2பை என்ற கருவி, பைத்தானிலிருந்து ஃபோர்ட்ரானைக் கூப்பிடுவதற்கு இன்றும் பலருக்குக் கைகொடுக்கிறது. அடுக்குமுறை பொருந்தாத மேட்ரிக்ஸைக் கொடுத்தால், அது தானே ஒரு நகல் எடுத்து ஒழுங்காக அடுக்கி அனுப்பும். விடை சரியாக வரும். பெரிய மேட்ரிக்ஸ் என்றால் இரட்டிப்பு மெமரி எங்கே போயிற்று என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கு வருங்காலத்தில் அதிகம் தேவைப்படப்போவது இன்னொரு வகை இணைப்பு. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று இயந்திரங்களால் வளர்ந்த பூமி இது. இப்போது போச்சம்பள்ளியில் ஓலாவின் ஆலை, ஓசூரை ஒட்டி டாடா எலெக்ட்ரானிக்ஸ் என்று மின்னணுப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஒரு வண்டியில் மோட்டார் ஒருவருடையது, பேட்டரி ஒருவருடையது, கன்ட்ரோலர் மூன்றாமவருடையது. வண்டியைக் கணினியில் ஓட்டிப் பார்க்க மூவரின் கணித மாடல்களும் ஒன்றாக ஓட வேண்டும். ஒருவர் சிமுலிங்கில் கட்டியிருப்பார், ஒருவர் மாடலிகா மொழியில், ஒருவர் நேராக சியில். தன் மாடலின் உள்விவரத்தை அடுத்தவருக்குக் காட்ட யாருக்கும் மனம் வராது, தொழில் ரகசியம்.

ஜெர்மனியின் டைம்லர் கார் நிறுவனம் இதே சிக்கலில் இருந்தது. அது தொடங்கிவைத்த ஐரோப்பியத் திட்டம் ஒன்றிலிருந்து 2010இல் எஃப்எம்ஐ என்ற தரம் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 2014இல், மூன்றாவது 2022இல். மாடலைத் தருகிறவர் எஃப்எம்யூ என்ற ஒரே கோப்பாக அதைக் கட்டித் தருவார். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு விவரப் பட்டியல் இருக்கும்: எந்தெந்த மாறிகள் உள்ளே போகின்றன, எவை வெளியே வருகின்றன, ஒவ்வொன்றும் என்ன வகை, என்ன அலகு. கூடவே கம்பைல் செய்த ஒரு லைப்ரரி. அது எந்த மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் வெளிவாசல் சி மொழியில்தான், எல்லோருக்கும் ஒரே வடிவில். அடியெடுத்து வை, மதிப்பைக் கொடு, மதிப்பை வாங்கு என்பதுபோன்ற சில கட்டளைகள். வாங்குகிறவர் ஓட்டலாம், உள்ளே பார்க்க முடியாது.

இதிலும் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. எஃப்எம்யூவுக்குள் இருக்கும் லைப்ரரி, எந்த இயங்குதளத்துக்காகக் கம்பைல் செய்யப்பட்டதோ அதில் மட்டும்தான் ஓடும். சப்ளையர் விண்டோஸுக்கு மட்டும் கட்டி அனுப்பிவிட்டு, வாங்கிய நிறுவனத்தின் சோதனைக் கணினிகள் லினக்ஸில் ஓடினால், அந்தக் கோப்பு அங்கே திறக்கும், பட்டியலைக் காட்டும், ஓட மட்டும் மாட்டேன் என்னும். ஒரே எஃப்எம்யூவில் இரண்டு இயங்குதளத்துக்குமான லைப்ரரிகளை வைக்கத் தரமே இடம் தருகிறது. எந்தெந்த இயங்குதளம், எஃப்எம்ஐயின் எத்தனையாவது பதிப்பு என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிவிட்டால், இரண்டு தரப்புக்கும் பின்னால் அலையும் வேலை மிச்சம்.